‘ஆ’ விழுங்கிய பள்ளி

“உன்கிட்ட உப்பு இருக்கும்,” என்றாள் எழினி.

“இருக்கு,” என்று குப்பியை நகர்த்தினாள் வஞ்சிரு.

“சாம்பார்ல போட மறந்துட்டாங்க போல.”

“அப்படித்தான் இருக்கும்.”

ஏற்காட்டு மலைமேல் ஏழ்கடல் பன்னாட்டுப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் திங்கட்கிழமைக் காலை இப்படித்தான் விடிந்தது. உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்த பிள்ளைகள் இட்லியைப் பிய்த்துக்கொண்டு ஊரையே கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அத்தனை சத்தத்திலும் ஒரு கேள்விகூடக் காதில் விழாது. கேள்வி கேட்டால் மார்க் போய்விடும்.

கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் புரியும். எல்லார் காதிலும் மிளகு அளவில் ஒரு விடைமணி. மனதுக்குள் எதை நினைத்துக் கேட்டாலும் பதில் சொல்லிவிடும். பதில் இப்படிக் குழாயடித் தண்ணீராகிவிட்ட பிறகு, பதில் எழுதுகிற பரீட்சைக்கு என்ன மரியாதை? பள்ளிகள் எல்லாம் கூடிப் பேசி, இனிமேல் கேள்விக்குத்தான் மார்க் என்று முடிவு செய்துவிட்டன. அதுவும் சும்மா கேள்வி இல்லை. இதுவரை உலகத்தில் யாரும் கேட்காத கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க வந்ததுதான் கேள்விமானி. சட்டைக் கழுத்தில் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பதிவான பேச்சு, எழுத்து எல்லாம் அதன் வயிற்றில் இருக்கிறது. நீங்கள் வாய்விட்டு ஒரு மனிதரிடம் ஒன்றைக் கேட்டதும் துழாவிப் பார்க்கும். புதுசு என்றால் பச்சை எரிந்து கிணுங்கென்று மணியடிக்கும். பழசு என்றால் சிவப்பு எரியும், ஒரு மார்க் போகும். பெயரை மாற்றி, ஊரை மாற்றிக் கேட்டாலும் ஏமாறாது. பொல்லாத ஜன்மம்!

பிள்ளைகள் அதைவிடப் பொல்லாதவர்கள். தமிழில் ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்குவது கடைசியில் வரும் ‘ஆ’தானே? அதை விழுங்கிவிட்டார்கள். ‘சாப்பிட்டியா’ என்பது ‘நீ சாப்பிட்டிருப்பே’ ஆயிற்று. ‘தூங்கினியா’ என்பது ‘நல்லாத் தூங்கியிருப்பே’ ஆயிற்று. ஏன், எங்கே, எப்போது எல்லாம் ஆறே மாதத்தில் நாக்கை விட்டுப் போய்விட்டன. ஆசிரியர்களுக்கும் மானி உண்டு, மார்க் உண்டு என்பதால் அவர்களும் விழுங்கினார்கள். நர்ஸ்கூடக் காய்ச்சலோடு வருகிறவனைப் பார்த்து, “உனக்குத் தலை வலிக்கும்,” என்றுதான் ஆரம்பிப்பாள்.

எழினிக்கு இதுதான் கடைசி வாரம். நாமக்கல் பக்கத்திலிருந்து உதவித்தொகையில் வந்தவள் அவள். தொடர்ந்து மூன்று வாரம் பச்சை வாங்காதவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் போயாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை மணி அடிப்பதற்குள் ஒரே ஒரு புதுக்கேள்வி வேண்டும்.

“உனக்குக் கெடைச்சிரும்,” என்றாள் வஞ்சிரு, தட்டைத் தொடாமல். இவள் கென்யாக்காரி. பள்ளிக்கு வந்த இத்தனை வருஷத்தில் நாக்கில் சேலம் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயரைக் கேட்ட நாளிலிருந்து எல்லாரும் ‘வஞ்சிரம்’ என்றே கூப்பிட்டு அவளைச் சீண்டுவார்கள். எழினியின் அறைத்தோழி. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் அடம்பிடித்து எழினியின் இடது பக்கத்திலேயே உட்காருகிறாள். கட்டிலையும் மாற்றிக்கொண்டாள். எழினி அதையெல்லாம் கவனித்தாளே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு மார்க் போய்விடுமே.

“நீ நல்லாத்தான் இருக்கே,” என்று மட்டும் சொன்னாள்.

“ஆமா,” என்றாள் வஞ்சிரு.

செவ்வாய்க்கிழமை எழினி ஏரிக்கரையை ஓட்டமும் நடையுமாகச் சுற்றினாள். காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தாள். மிளகுக்கொடியைக் கண்டதும் பொறி தட்டியது. பின்னால் வந்த தோட்டக்காரரைப் பிடித்துக்கொண்டாள். “தான் காரமா இருக்கறது மிளகுக்குத் தெரியுமா?”

சிவப்பு. விடைமணி காதில் கிசுகிசுத்தது: ‘முன்பே கேட்டவர், கொச்சித் துறைமுகத்தில் ஒரு மாலுமி.’

“தண்ணியில விழுந்த நிழலுக்குக் குளிருமா?”

சிவப்பு. ‘முன்பே கேட்டவர், லிமா நகரில் நான்கு வயதுக் குழந்தை.’

அடச்சே! நான்கு வயதுக் குழந்தையிடம் தோற்றுப்போன ஆத்திரத்தில் காலால் ஒரு கல்லை எத்தினாள். தோட்டக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பேரவையில் பக்கத்து வகுப்பு கிம் எழுந்து நின்றான். “தூங்கற ஆமையோட ஓட்டுக்குள்ள இருக்கற இருட்டுக்கும் வயசாகுமா?” கிணுங்! பச்சை. எல்லாரும் கை தட்டினார்கள். முதல்வர் ரெஜினா அம்மையார் மேடையிலிருந்து இறங்கி வந்து அவனைத் தட்டிக்கொடுத்தார். அதற்கு என்ன பதில் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசித்து என்ன ஆகப்போகிறது, பதிலுக்குத்தான் மார்க் கிடையாதே! கேட்பது என்றால் நம் பாஷையில் இரண்டு வேலை: வாயால் கேட்பது, காதால் கேட்பது. மானிக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

புதன்கிழமை அம்மா போனில் பேசினாள்.

“சாப்டியா கண்ணு? அங்க மழையா? சளி கிளி புடிச்சுதா? கேள்வி ஏதாச்சும் கெடைச்சுதா?”

மானி மாட்டாத மனுஷி, கேள்வியாகக் கொட்டினாள். எழினி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பிறகு பழக்கதோஷத்தில், “நீயும் அப்பாவும் நல்லா இருப்பீங்க,” என்றாள்.



“ஏங்கண்ணு, நல்லா இருக்கறீங்களான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறயே?”

“அம்மா, மார்க் போயிரும்மா.”

“ஆகட்டும் போ,” என்றாள் அம்மா. வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். எழினிக்கு அழுகையாக வந்தது. ஆனால் அழுவதற்கு நேரம் ஏது? அன்று முழுக்க வகுப்பில் குட்டி போட்ட பூனை மாதிரி தவித்தாள். வியாழக்கிழமை வழியில் வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி வாய்க்கு வந்ததைக் கேட்டாள். எரிந்ததெல்லாம் சிவப்பு. சாயங்காலத்துக்குள் அவளைக் கண்டாலே எல்லாரும் வேறு வழியில் போக ஆரம்பித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எழினி நம்பிக்கையைக் கைகழுவிவிட்டாள். அறைக்கு வந்து பெட்டியை இறக்கித் துணிகளை அள்ளிப் போட்டாள். வஞ்சிரு தன் கட்டிலில், வலது காதை உள்ளங்கையில் அழுத்திச் சாய்த்தபடி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஊருக்குப் போறேன்டி,” என்றாள் எழினி, அவளுக்கு இடது பக்கத்தில் நின்று.

வஞ்சிரு திரும்பவில்லை.

“போறேங்கறேன்!”

அசைவே இல்லை. எழினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தவள், ‘ஐயோ’ என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பெட்டி மூடியை ஓங்கிச் சாத்தினாள். அறையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கும் வஞ்சிரு திரும்பவில்லை. கட்டில் அதிர்ந்த பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள், அதுவும் வேறு பக்கம்.

எழினி ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகிறவளுக்கு மார்க் எதற்கு?

“உனக்கு என்னடி ஆச்சு?”

சிவப்பு.

“ஒண்ணுமில்லையே.”

“காது கேக்கலையா?”

சிவப்பு. வஞ்சிரு தலையைக் குனிந்துகொண்டாள்.

“எந்தக் காது? எப்போலேர்ந்து?”

சிவப்பு, சிவப்பு.

“இந்தக் காது,” என்று இடது பக்கத்தைத் தொட்டாள் வஞ்சிரு. “லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து. மொதல்ல கொசு சுத்தற மாதிரி இருந்துச்சு. இப்ப கொசுவும் இல்ல.”

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

சிவப்பு.

“யாரும் கேக்கலையே. எல்லாரும் ‘நல்லா இருக்கே, நல்லா இருக்கே’ன்னு சொன்னாங்க. நர்ஸ் அக்காகிட்டப் போனேன். ‘உனக்குத் தூக்கம் பத்தாது’ன்னுட்டாங்க. சரி, நாம நல்லாத்தான் இருக்கோம் போலன்னு இருந்துட்டேன்.”

எழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. கட்டிலை மாற்றியது, தட்டைத் தொடாதது, எப்போதும் இடது பக்கம் உட்கார்ந்தது, எல்லாம் இப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் கேட்டுக்கொண்டே போனாள், வஞ்சிரு சொல்லிக்கொண்டே போனாள். ஊரில் அம்மாவுக்குத் தெரியாது என்றாள். வாரா வாரம் அம்மா பேசும்போது போனை வலது காதுக்கு மாற்றிக்கொள்வாளாம். அம்மா எதற்கெடுத்தாலும் சிரிப்பாளாம். ஆனால் வலது காதில் கேட்கும்போது அது வேறு யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

எழினி யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது.

“இப்ப அம்மா பேசாத நேரத்துல, அந்தச் சிரிப்பை நீ நெனைச்சுப் பாத்தா, அது எந்தக் காதுல கேக்குது?”

கிணுங்!

வஞ்சிருவின் உதடு அசைந்தது. அந்தக் கணத்தில் எழினியின் கண் கீழே, தன் சட்டைக் கழுத்துக்குப் போயிற்று. பச்சை. உண்மையிலேயே பச்சை!  அப்பா, அம்மா, நாமக்கல், திரும்பப் பிரிக்க வேண்டிய பெட்டி எல்லாம் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தன.

நிமிர்ந்தபோது வஞ்சிரு சொல்லி முடித்திருந்தாள்.

“என்னடி சொன்னே?”

சிவப்பு.

வஞ்சிரு கொஞ்சநேரம் அவளையே பார்த்தாள். பிறகு திரும்பச் சொன்னாள். “இடது காதுலதான். அதான் பயமா இருக்கு. அந்தப் பக்கம் முழுசா மூடிட்டா சிரிப்பும் போயிருமோன்னு.”

அதற்குள் வெளியே காலடிச் சத்தம். பச்சை எரிந்தால் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். ரெஜினா அம்மையார் மூச்சு வாங்க வந்து எழினியை அப்படியே கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை வஞ்சிருவைச் சேலத்துக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, “ஆரம்பத்துலயே வந்திருந்தா முழுசா சரி பண்ணியிருக்கலாம்,” என்றார். “இனிமே இடது காது திரும்பறது கஷ்டம். வலது காதைக் காப்பாத்திக்கலாம்.” எழினியால் கூடப் போக முடியவில்லை. அவளைப் பேட்டி காண வேறு வேறு நாட்டுப் பள்ளிகள் இணைப்பில் காத்திருந்தன. அவளுடைய கேள்வியைப் பெரிய எழுத்தில் வாசலில் ஒளிரவிட்டிருந்தார்கள். அதன் பதிலுக்கு அங்கே இடமில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலைப் பேரவையில் ரெஜினா அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை.

“குழந்தைகளே, எழினி நமக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டியிருக்கிறாள்! புதுக்கேள்விகள் ஏரிக்கரையில் இல்லை. அடுத்தவர் துயரத்தில் இருக்கின்றன. ஒரு துயரத்தைத் தொடர்ந்து தோண்டினால், பழைய கேள்விகள் தீர்ந்து புதுசு வந்தே தீரும். ஆகவே இந்த வாரத்திலிருந்து துயரக் கேள்விகளுக்குச் சிவப்பு விழுந்தாலும் மார்க் குறையாது!”

ஹோவென்று ஆரவாரம். அன்று சாப்பாட்டுக்கூடத்தைப் பார்க்க வேண்டுமே! விழுங்கிய ‘ஆ’வையெல்லாம் பிள்ளைகள் கக்கித் தீர்த்தார்கள். “உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?” “உங்க வீட்ல சண்டையா?” “யாராவது செத்துட்டாங்களா?” சிவப்பு எரிந்ததும் அடுத்த மேசைக்கு ஓடினார்கள். பதிலுக்கு யாரும் நிற்கவில்லை. கஷ்டமே இல்லாத பிள்ளைகள் பாவம், முழி பிதுங்கி நின்றார்கள். கிம் தன் வீட்டு நாய் செத்துப்போனதாகப் புளுகி, நாலு பேரைத் தன்னிடம் கேட்க வைத்துக்கொண்டிருந்தான்.

வஞ்சிருவைச் சுற்றித்தான் பெருங்கூட்டம். “உங்கப்பா இருமினா எந்தக் காதுல கேக்கும்?” சிவப்பு. “மழை பேஞ்சா எந்தக் காதுல?” சிவப்பு. “கனவுல உனக்கு ரெண்டு காதும் இருக்கா?” அவள் வாயைத் திறப்பதற்குள் கேட்டவன் போயிருப்பான். மூன்று தடவை பதில் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எழினி தட்டை அப்படியே வைத்துவிட்டு, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “போங்கடா! அவளைச் சாப்பிட விடுங்க!” என்று கத்தினாள். பச்சை வாங்கிய எழினியே வந்துவிட்டாள் என்று கூட்டம் இன்னும் நெருக்கியது. எப்படியோ முண்டியடித்து வஞ்சிருவின் தோளைத் தொட்டாள்.

வஞ்சிரு திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கோபமா, வருத்தமா என்று சொல்ல முடியவில்லை.

“எழினி, ஒண்ணு கேக்கட்டுமா?”

சிவப்பு எரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அன்னிக்கு எங்கம்மா சிரிப்பைப் பத்திக் கேட்டியே. அப்ப உன் காதுல மொதல்ல விழுந்தது என் பதிலா, பச்சை மணியா?”

கிணுங்!

வஞ்சிருவின் கழுத்தில் பச்சை எரிந்தது.  கூடமே எழுந்தது. “வஞ்சிரம்! வஞ்சிரம்!” என்று மேசையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். ரெஜினா அம்மையார் தூரத்திலிருந்தே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டு வந்தார்.

எழினி உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அந்தக் கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவள் நின்றுகொண்டிருந்தது வஞ்சிருவின் இடது பக்கம்.