நானூற்றுப் பதின்மூன்றாவது தொலைபேசி

கையிலிருந்த பட்டியல் நானூற்றுப் பன்னிரண்டு தொலைபேசிகள் என்றது. திரை நானூற்றுப் பதின்மூன்று என்றது. அவள் கணினியை மறுபடி எண்ண வைத்தாள். மறுபடியும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நான்காவது மாடி முழுவதிலும் அவள் ஒருத்திதான். விடுமுறை நாளில் ஏசி ஓடாது. மூடிய கண்ணாடிகளுக்குள் வெயில் ஏறியதில் தரைவிரிப்பின் பசை வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்து நெஞ்சை அடைத்தன. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புத் தொலைபேசி, ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தபடி.

அந்தத் தொலைபேசிகளைச் செய்த நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. பழைய உரிமம் இன்று ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் எல்லாவற்றையும் புதியவர்களின் சர்வருக்கு மாற்றிவிட்டுப் பழைய சர்வரை அணைக்க வேண்டும். இந்த அலுவலகத்தின் நெட்வொர்க் வேலை பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. புதிய ஏற்பாட்டில் வரும் அழைப்புகளை ஓர் இயந்திரக் குரலே எடுத்து இணைத்துவிடுமாம். அதனால் முதலில் வேலை போனது ஜீரோ அக்காவுக்கு.

பூஜ்யத்தை அழுத்தினால் வரும் ஆபரேட்டர் என்பதால் அந்தப் பெயர். “என்னை அழுத்தினாத்தான் இந்த ஆபீஸுக்கே பேச்சு வரும்” என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

கூடுதலாக இருந்தது அக்காவின் தொலைபேசி. போன வருடம் அக்காவுக்குக் கால் முறிந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று இவள்தான் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள். கடைசி நாளன்று அதை நினைவுபடுத்தியும் இருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை நானே வந்து போனை எடுத்துக்கறேன்க்கா.”

“போனுக்காகவா வர்றே? எனக்காக வாடி, வயர்க்காரி. சுகர் ஊசி போட்டுக்கிட்டுத் தனியா இருக்கேன். மயங்கி விழுந்தாக்கூடக் கேக்க நாதியில்லை.”

“கண்டிப்பா வரேன்க்கா.”

அந்த ஞாயிறு துணி துவைத்தாள், தூங்கினாள், போகவில்லை. திங்களன்று தலைமையகம் பட்டியலைக் கேட்டு நெருக்கியபோது, அக்காவின் பெயருக்கு எதிரே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதிவிட்டாள். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்றுதான். ஒரு மணி நேரம் கூட ஆகாது அந்த வீட்டுக்கு.

இப்போது திரையில் அந்தத் தொலைபேசிக்கு எதிரே பச்சையில் ஒரு வரி இருந்தது: பேச்சில் உள்ளது. இருபத்தொரு நாட்கள், ஒரு மணி, நான்கு நிமிடங்கள். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படியானால் தொடங்கியது அதே ஞாயிறு. அவள் போயிருக்க வேண்டிய ஞாயிறு.

மறுமுனை எண்ணைப் பார்த்தாள். 499. அவள் மேசையிலேயே இருக்கும் சோதனைத் தொலைபேசி. புதிதாக மாட்டும் ஒவ்வொரு தொலைபேசியிலிருந்தும் அதற்கு அடித்துப் பார்ப்பாள். தானாகவே எடுத்துக்கொள்ளும், தொந்தரவாக இருக்குமென்று சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தாள். யாரும் எடுக்காத நேரத்திலும் எடுக்கும் எண் அது ஒன்றுதான் என்று அக்காவுக்குத் தெரியும்.

மூன்று வாரமாக அதன் பச்சை விளக்கு எரிந்ததை அவளும் பார்த்திருந்தாள். கண்ணை உறுத்துகிறதென்று மேலே ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாள்.

தாளை உரித்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் மின்விசிறி சுழலும் ஒலி, ஒவ்வொரு சுற்றிலும் எதிலோ இடிப்பது போல. எங்கோ குழாய் சொட்டுவது. அவற்றுக்கடியில், மிக மெதுவாக, ஈரமாக, ஒரு மூச்சு.

கடவுளே, உயிரோடு இருக்கிறாள்! கைபேசியை எடுத்து மேலாளரை அழைத்தாள்.

“சார், ஜீரோ அக்கா விழுந்து கிடக்கறாங்க போல. பக்கத்து வீட்டு நம்பர் ஏதாவது இருக்கா? சீக்கிரம் சார்!”



“என்னம்மா சொல்றே? அவங்க தவறி ரெண்டு வாரம் ஆச்சு. கதவை உடைச்சுத்தான் எடுத்தாங்க. மெயில் போட்டேனே, பாக்கலையா?”

தொலைபேசி நிறுவனம் கைமாறியதிலிருந்து தினமும் நாற்பது மெயில்கள் வந்தன. எல்லாவற்றையும் திறக்காமலே ஓரம் கட்டியிருந்தாள்.

“அவங்க வீட்டு லைன் இன்னும் ஓடுது சார்.”

“கரண்டே கட் பண்ணி வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. நீ தனியா இருக்காதே, கிளம்பு முதல்ல.”

கைபேசியை வைத்தாள். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மூச்சு நிற்கவில்லை.

துண்டிக்க ஒரு பொத்தான் போதும். விரலை அதன்மேல் வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. இருபத்தொரு நாள் காத்திருந்தவளை மறுபடியும் எப்படித் தனியே விடுவது? காலம் கடந்து செய்தாலும் நல்லது நல்லதுதான் என்று நம்பி வளர்ந்தவள் அவள். கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை சொன்னாள். பிறகு குனிந்து, தொலைபேசிக்கு மிக அருகில் பேசினாள்.

“அக்கா. நான்தான். இருக்கேன்க்கா.”

மூச்சு நின்றது.

“வந்துட்டியா.” குரல் வறண்டிருந்தது, ஆனால் அக்காவின் குரல்தான். “நீ எங்கேடி இருக்கே?”

“ஆபீஸ்லக்கா. என் இடத்துல.”

“அப்போ இரு. நானே வரேன்.”

மின்விசிறியின் ஒலி அறுந்தது. குழாயும்.

திரையில் அந்தத் தொலைபேசியின் இடம் மாறியது. ‘வெளி’ என்று இருந்தது போய், நான்காவது மாடி, இணைப்பு நாற்பத்தெட்டு. கூடத்தின் கடைக்கோடி மூலையில், மேசைக்கு அடியில் வயர் செருகும் இடம் அது. நிமிர்ந்து பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

எண் நாற்பதாக மாறியது. அங்கே ஒரு நாற்காலி லேசாகத் திரும்பியது.

இருபத்தேழு.

எழ வேண்டும். நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பதினான்கு. தரைவிரிப்பில் எதையோ இழுக்கும் சத்தம். நிற்கும். மறுபடி இழுக்கும்.

ஆறு.

மூன்று.

ஒன்று. அவள் மேசைக்கு அடியில் இருக்கும் இணைப்பு.

தொலைபேசியின் வயர் மெதுவாக, மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே இழுபட்டது. அவள் குனியவில்லை. கண்களைத் திரையிலேயே வைத்திருந்தாள். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

செருப்பைக் கழற்றி வைத்திருந்த அவள் பாதங்களின் மேல், வெகுநேரம் காத்துக் களைத்த யாரோ கடைசியில் தலை சாய்ப்பது போல, ஈரக் கூந்தலோடு ஒரு கனம் மெல்ல இறங்கியது.