சபையில் ஒரு கண்ணாடிக் கடைக்காரி

"வணக்கம்... மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், மேடையில் வீற்றிருக்கும்..."

அவள் ஒவ்வொருவராக வணக்கம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மைக் நின்றுபோனது. உதடுகள் மட்டும் அசைந்தன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மண்டபத்து ஓரத்தில், காதில் ஹெட்போனோடு ஒருவன்... அவன் விரல்தான் பொத்தானில் இருந்தது!

உலகத்து இணையத்தை எப்படி நடத்துவது என்று பேச, நாடு நாடாக வந்து கூடிய கூட்டம் அது. அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள், பொறியாளர்கள்... இவளோ மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இணையம் பயன்படுத்தும் சாதாரண ஜனங்களின் சங்கம்தான், எங்களுக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்று அவளை அனுப்பியிருந்தது.

வெளியே மழை. வாசலில் அந்த மைக்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், பேசிட்டு இருக்கும்போதே வாயைப் பொத்திடுவீங்களா?"

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான் மேடம். மந்திரிக்கும் அதேதான்."

"மந்திரிக்கு நாளைக்கும் மைக் கிடைக்கும். எனக்கு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் இமையில் ஒரு மழைத்துளி தொங்கியது... கோபத்திலும் இந்தக் கண்களுக்கு இவ்வளவு அழகா!

"நாளைக்குக் காலைல பொது அமர்வு... யார் வேணாலும் பேசலாம். ஆனா வணக்கம் போடறதுலயே நேரத்த விட்டுடாதீங்க. விஷயத்துக்கு வாங்க."

"உங்ககிட்ட நான் பாடம் கேக்கணுமாக்கும்!"

வெடுக்கென்று நனைந்துகொண்டே போய்விட்டாள்.

அறைக்குப் போனதும் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அவமானமா இருக்குப்பா. கிளம்பி வந்துடறேன்."

"வாம்மா, உன் இஷ்டம். ஆனா... எனக்காகப் பேசத்தானே போனே?"

எடுத்து வைத்த பெட்டியை அவள் மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மறுநாள் காலை வரிசையில் நின்றாள். வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை.

"எங்கப்பா பஸ் டிரைவரா இருந்தவர். தாய்மொழி மட்டும்தான் படிப்பார். நான்தான் அவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். இப்ப எல்லா எழுத்தும் பளிச்சுன்னு தெரியுது. அவர் மொழியிலயே ஒரு ஈமெயில் முகவரியும் வாங்கினோம். பென்ஷனுக்குப் பதியப் போனா, இது முகவரியே இல்லன்னு கம்ப்யூட்டர் தள்ளிடுது. 'அப்போ நான் ஆளே இல்லியாம்மா?'ன்னு கேக்கறார். கண்ணுக்குத்தான் என்னால கண்ணாடி போட முடியும். இதுக்கு நீங்கதான்..."

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்காரனின் விரல் பொத்தானுக்குப் போனது... ஆனால் அழுத்தவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்ற நரைத்தலை அம்மாள் என்னவோ சொன்னாள். காதில் மாட்டியிருந்த கருவியில் மொழிபெயர்ப்பு வந்தது: "என் நேரத்தை இந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள்." அடுத்து நின்ற மீனவர், "என்னுடையதையும்." அதற்கடுத்து ஒரு மாணவி. கடைக்காரி பெயரே கேட்டிராத நாடுகள், கேட்டிராத மொழிகள்... ஒருவர் பின் ஒருவராக! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தலைவர் மெல்லச் சொன்னார். "பேசும்மா."

பேசினாள். மைக்காரனின் ஹெட்போனில் அவள் வாக்கியம் ஒவ்வொன்றும் ஆறு மொழிகளில் பிறந்தது. அத்தனை பெரிய மண்டபம் மூச்சை அடக்கிக் கேட்டது. ஒரு கடைக்காரியின் அப்பாவுக்காக, உலகமே காதைத் தீட்டிக்கொண்டு... இத்தனை வருஷ வேலையில் அவன் இப்படியொரு நிசப்தத்தைக் கேட்டதே இல்லை.

முடித்ததும் தலைவர் எழுந்து நின்றார். எந்த மொழி முகவரியையும் தள்ளக் கூடாது என்பது, இணையம் பயன்படுத்தும் ஜனங்கள் சார்பில் தரும் பரிந்துரையில் முதலாவதாகப் போகும் என்றார். கைதட்டல் ஓயவே இல்லை.

உணவு இடைவேளையில் அவனே தேடி வந்தான்.

"மேடம்... உங்க கடை எங்க இருக்கு?"

"ஏன், கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. அதான் பிரச்சினையே... உங்கப்பாவப் பாக்கணும். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லி, அவர்கிட்ட..."

"அவர்கிட்ட எதுக்கு?" கன்னம் சிவக்க, அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பதில் சொல்ல வேண்டியவ நான் இல்லியா?"

"சொல்லுங்க..."

"நீங்க சொன்னபடி வணக்கத்த விட்டுட்டேன், பாத்தீங்கல்ல? எனக்கும் பிடிச்சிருக்கு."