வருணிகாவின் நண்பகல் அறிக்கை

உடைத்துப் பழைய இரும்பாக விற்று இரண்டு மாதமாகிவிட்ட கப்பலிலிருந்து, சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு அறிவுச்செல்வனுக்கு மின்னஞ்சல் வந்தது.

அப்போது அவர் அந்தக் கப்பலின் சேவை வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அரசின் கடலாய்வுக் கப்பலான வருணிகாவில் இருபத்திரண்டு வருடம் ரேடியோ அதிகாரியாக இருந்தவர் என்பதால், ஓய்வுபெற்றுப் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் தோப்பும் வயலுமாக இருந்தவரைத் தேடிப்பிடித்துத் துறை அந்த வேலையைக் கொடுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தின ஐப்பசிப் புழுக்கம், உழுது போட்ட சேற்றின் வாடை, வரப்பில் அடுக்கிய நாற்றுமுடிகளின் பச்சை வாசம். காலையில்தான் 2005 நவம்பரை முடித்திருந்தார். 'வங்கக்கடலில் அடிமண் ஆய்வு. குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை.'

வந்திருந்தது கப்பல்கள் தினமும் அனுப்பும் நண்பகல் அறிக்கை. இடம், மல்லிப்பட்டினத்துக்குக் கிழக்கே. ஆழம், 38 மீட்டர். கப்பலில் உள்ளோர், 39.

அங்கே கடல் அவ்வளவு ஆழம் கிடையாது. வருணிகாவில் எப்போதும் முப்பத்துநான்கு பேர்தான்.

அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்த எழில்மொழி, கப்பலை விற்றபோதே அந்த மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டதாகச் சொன்னாள். யாரோ விளையாடுகிறார்கள், அழித்துவிடுங்கள் என்றாள்.

அவரால் அழிக்க முடியவில்லை. அதிகப்படியான அந்த ஐந்து பேர் யாரென்று அவருக்குத் தெரியும். அந்த நவம்பர்ப் புயலில் ஐந்து பேர் இருந்த ஒரு மீன்பிடிப் படகு நாற்பது நிமிடம் ரேடியோவில் உதவி கேட்டது. ஆய்வுக் கருவிகள் கடலடியில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் போக கேப்டன் சம்மதிக்கவில்லை. பதிவேட்டில் எழுதவேண்டாம் என்றார். அறிவுச்செல்வன் எழுதவில்லை. காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். படகு மூழ்கிய இடத்தில் ஆழம் 38 மீட்டர். கேப்டன் செத்துப் பல வருடமாகிறது. விஷயம் தெரிந்து மிச்சமிருந்தது அவரும், கருவிகளைக் கடலில் இறக்கி ஏற்றும் விஞ்சை ஓட்டிய யூனுசும்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அடுத்த அறிக்கை. அதில் இடத்துக்குக் கொடுத்திருந்த எண்களை மேப்பில் போட்டுப் பார்த்தார். கடல் இல்லை. அதிராம்பட்டினத்தில் ஒரு தெரு. ஆழம் 38 மீட்டர். கப்பலில் உள்ளோர் 40.

யூனுஸ் வீடு இருக்கும் தெரு அது. பலமுறை அழைத்த பிறகு அவர் மனைவி ஷமா போனை எடுத்தாள்.

"சாப்பிட உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க," என்றாள். "வாயிலயும் மூக்குலயும் உப்புத் தண்ணியா வந்துச்சு. கடல் பக்கமே போகலைங்க அவரு."

அன்றிரவு அறிவுச்செல்வன் தூங்கவில்லை. விடிந்ததும் மனைவி பூவிழியிடம், இப்போதே தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார்.

"நடவு ஆளுங்க வந்தாச்சு. விட்டுட்டு எப்படிங்க வர்றது?" அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். "என்னன்னு சொல்லுங்க."

பத்தொன்பது வருடமாகச் சொல்லாதது. தங்கையைப் பார்த்து நாளாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். பூவிழி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் டீசல் வாடை வந்தது. பிறகு துருவும் உப்பும் கலந்த ஈர வாடை. தரை மெல்ல அதிர்ந்தது. உள்ளங்காலில் ஏறிய அந்த அதிர்வு எந்த எஞ்சினுடையது என்று உடம்புக்குத் தெரிந்தது. செருப்புப் போடாமல் வரப்பில் ஓடினார். கையில் போன் ஒலித்தது. இடத்தைப் பார்க்கவில்லை.

கப்பலில் உள்ளோர் 41.

ஒருவர். ஒருவர்தான். எனக்காகத்தான்.

அவருக்கே வெட்கமாக இருந்த ஓர் ஆறுதல் நெஞ்சில் பரவியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தண்ணீர் வரட்டும்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தார். பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நடு வயலில் பூவிழி மட்டும் நிமிர்ந்து நின்றாள். அவள் கொண்டை அவிழ்ந்து, கூந்தல் மெதுவாக மேலே எழுந்து விரிந்தது. காற்று இல்லை. முந்தானையும் மிதந்து எழுந்தது.

அவர் சேற்றில் பாய்ந்தார். அவள் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி வெயிலில் பளபளத்து ஏறின. மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸாகக் குளிர்ந்தது. வழுக்கியது. அவர் சட்டை காய்ந்தே இருந்தது.

வயல்மேல் நிழல் விழுந்தது. ஒரு கப்பலின் நீளத்துக்கு நிழல்.

அவள் பாதங்கள் சேற்றிலிருந்து விடுபட்டன. கை நழுவியது. யாரும் நிமிரவில்லை. அவரைப் பார்த்தபடியே அவள் மேலே போனாள். தென்னைகளின் உயரத்துக்கு. அதற்கும் மேலே. உதவி கேட்பதுபோல வாய் திறந்து திறந்து மூடியது.