கண்ணாடி அலமாரியின் கடைசி ஜாடி

கரமனைத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. தோல்பையை நெஞ்சோடு அணைத்தபடி ராஜஸ்ரீ இறங்கினாள். அருங்காட்சியகம் ஒன்றில் பீங்கான் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள். ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் அது எந்த நாட்டில், எந்த அரசர் காலத்தில் சுட்டது என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு.

கதவைத் திறந்த சீதாலக்ஷ்மிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எல்லாம் போலி என்று இவள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும்.

கூடத்துக் கண்ணாடி அலமாரி முழுக்கப் பத்மப்ரியா தேடித் தேடிச் சேர்த்த பீங்கான்கள். அவள் ஹரிஷங்கரின் முதல் மனைவி. புற்றுநோயில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன ஆவணியில் திருநெல்வேலியிலிருந்து சீதாவைக் கல்யாணம் செய்து இந்த மலையாள ஊருக்கு அழைத்து வந்தான். அவனுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் சாப்ட்வேர் வேலை. வீட்டில் இருக்கும்போதும் காதில் போன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதை அணைத்துவிட்டு, மெல்லிய துணியால் ஒவ்வொரு பீங்கானாக எடுத்துத் துடைப்பான். அந்த விரல்கள் அத்தனை பதமாகத் தன்மேல் ஒருநாளும் பட்டதில்லை என்று கதவோரம் நின்று சீதா வயிறெரிவாள். நான் துடைக்கட்டுமா என்று கேட்டால், "வேண்டாம், உனக்குப் பழக்கமில்லை" என்பான்.

இன்னொன்றும் இருந்தது. அவன் எப்போதாவது அவளிடம் சிரித்துப் பேசினால், அலமாரிக்குள் சன்னமாக ஒரு ஓசை கேட்கும். கிண்ணத்தை நகத்தால் சுண்டியது போல. லாரி போகிற அதிர்வு என்பான். அந்தத் தெருவில் லாரி நுழையவே முடியாது.

அவன் வேலைக்குப் போயிருந்த அந்த மத்தியானம், மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அவளே அலமாரியைத் திறந்தாள்.

ராஜஸ்ரீ ஒரு தட்டைக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை அடிப்பக்கம் வைத்துப் பார்த்தாள். "இது ஜப்பான். சூளையில முட்டுக் குடுத்த தழும்பு இருக்கு, பாருங்கோ. சின்னச் சின்னப் புள்ளி. நல்ல பழசாக்கும்."

அடுத்தது நீலப்பூ போட்ட கிண்ணம். "இது சீனா. அடியில எழுதியிருக்கற ராஜா பேரை நம்பப்படாது. பின்னால வந்தவாளும் மரியாதைக்குப் பழைய பேரையே எழுதுவா. அடி வளையந்தான் பொய் சொல்லாது, சத்யம் பறயும். மெருகு படாத இடத்துல லேசாச் செம்மை தட்டியிருக்கு, கண்டேளா? முந்நூறு வருஷம் இருக்கும்." அவள் குரலில் வியப்பு ஏறியது. "சேர்த்த ஆளுக்கு நல்ல கண்ணு!"

செத்தவளை எதிலும் ஜெயிக்க முடியாது போலிருந்தது சீதாவுக்கு.

"அந்த மூடி போட்ட ஜாடியைப் பாருங்கோ மாமி" என்றாள். ஹரிஷங்கர் அதைத்தான் கடைசியில் துடைப்பான். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பான்.

ராஜஸ்ரீ அதை எடுத்தாள். திருப்பினாள். நெற்றி சுருங்கியது.

"இது சீனா இல்லை. ஜப்பானும் இல்லை. அந்த நாட்டுப் பீங்கான்ல வெள்ளையில லேசா நீலம் ஓடும். இது பாலாடை நிறம். மண்ணோட எலும்புச் சாம்பல் கலந்து சுட்டா இப்படி வரும். சாதாரணமா மாட்டெலும்பு போடுவா. வயசும் இல்லை. மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்."

போலி! சீதாவின் நெஞ்சு குதித்தது. அடுத்த நொடியே அந்த ரெண்டு வருஷம் அவள் காதில் திரும்பவும் விழுந்தது.

"வெளிச்சம் விட்டா நிச்சயமாத் தெரியும்." ராஜஸ்ரீ ஜாடியை மேஜையில் வைத்து மூடியைக் கழற்றி, சிறிய டார்ச் ஒன்றை எரியவிட்டு உள்ளே போட்டாள். மழை இருட்டில் ஜாடி முழுவதும் தோல் போலச் சிவந்து ஒளிர்ந்தது. ஈர விபூதியின் வாசனை எழுந்தது.

உள்சுவரில் நான்கு விரல்களின் நிழல்.

மாமியின் கை என்றுதான் சீதா நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மாமியின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

விரல்கள் நகர்ந்தன.

ஒரு விரல் மடங்கி, உள்ளேயிருந்து சுவரைச் சுண்டியது. அதே ஓசை.

"மூடிடுங்கோ" என்று ராஜஸ்ரீ முணுமுணுத்தாள். "குட்டி, அதை மூடிடு." டார்ச்சைக்கூட எடுக்காமல், மழையில் குடை விரிக்காமல் ஓடினாள்.

சீதா மூடியை வைத்தாள். அவளுக்குள் பயத்தை மிஞ்சி வேறொன்று எரிந்தது. தான் புடவை மாற்றியது, அழுதது, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது எல்லாவற்றையும் செத்துப்போனவள் இங்கேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் ஹரிஷங்கர் வந்தபோது ஜாடி சாப்பாட்டு மேஜையின் நடுவில் இருந்தது. அவன் நின்ற இடத்திலேயே வெளிறினான்.

"இதுல யாரு எலும்பு?" என்று கேட்டாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து சொன்னான். "அஸ்தியை எல்லாம் திருவல்லத்து ஆத்துல கரைச்சாச்சு. ஒரு பிடி மட்டும் வச்சுண்டேன். பெங்களூர்ல பீங்கான் பண்ற ஒரு ஸ்டூடியோல கொடுத்து, மண்ணோட கலந்து சுட்டு வாங்கினேன். அவதான் கேட்டா, சீதா. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுண்டு கேட்டா. என்னைத் தண்ணியில விட்டுடாதேங்கோ, உங்க கண்ணுல பட்டுண்டே இருக்கணும்னா."

"என்னை ஏன் கல்யாணம் பண்ணிண்டேள்?"

அவன் ஜாடியை நோக்கிக் கை நீட்டினான்; சீதா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு அவ இங்க இருக்கட்டும், இல்லேன்னா நான். ரெண்டு பேரும் இருக்க முடியாது."

அவன் அழுதான். பிறகு தலையசைத்தான்.

மறுநாள் காலை திருவல்லத்துக்குக் காரில் போனார்கள். ஜாடியைச் சீதாவே மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அது கதகதவென்று சூடேறிக்கொண்டே வந்தது. தொடை காந்தியது. விடவில்லை. ஆற்றங்கரையில் பித்ருக்களுக்குப் பலி போட வந்தவர்கள் ஈரத்துணியோடு நின்றிருந்தார்கள். ஹரிஷங்கர் கை நீட்டினான். கடைசியாக ஒருமுறை அவன் தொடுவதைக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் தானே இறங்கி, மூடியைத் திறந்து, ஜாடியைக் கவிழ்த்து அமுக்கினாள்.

ஒரு குமிழிகூட வரவில்லை. கல் போல இறங்கிப் போயிற்று.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. அவன் முகம் தெளிந்திருப்பதைக் கண்டு சீதாவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. முன்சீட்டில் அவன் பக்கத்தில், ஈரப்புடவையோடு, சொந்த வீட்டுக்குப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

பாலம் தாண்டியதும் காருக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி.

சீதா தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது. அவனும் போட்டிருந்தான்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு மின்னியது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் யாரும் இல்லை.

ஹரிஷங்கர் திரும்பவே இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் சரித்து வைத்து அதில் பார்த்தான். சீதாவிடம் ஒருநாளும் பேசாத குழைந்த குரலில், "பெல்ட்டைப் போட்டுக்கோடி" என்றான்.

பின்னால் 'க்ளிக்' என்றது.

மணி நின்றுவிட்டது.