புள்ளி இல்லாத நாட்கள்

காலையில் குக்கர் வைத்தேன். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்தேன். நித்யஸ்ரீக்கு இரட்டைச் சடை பின்னினேன். ஒன்று மேலே, ஒன்று கீழே வந்தது.

“பரவால்லீங்கப்பா. தலையச் சாய்ச்சுக்கறேன்,” என்றாள்.

அவள் அம்மா வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்துபோனாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் நித்யஸ்ரீயை முதலிபாளையத்துப் பனியன் கம்பெனிக்கு என்னோடு அழைத்துப் போகிறேன். அவள் அம்மாவும் அங்கேதான் தைத்தாள்.

கம்பெனி சர்வரில் ஓடும் நிரலை எழுதியவன் நான். ஒவ்வொருவரும் தைத்த பனியன்களின் கணக்கை அது தேதிவாரியாக எடுக்கும். நாளுக்கு ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகளைக் கோடாக இணைத்துப் படமாக அனுப்பும். முதலாளி சதீஷ்குமார் அதைப் போனில் பார்ப்பார்.

அன்று போனும் கையுமாக என் அறைக்கு வந்தார்.

“முத்தாத்தாக்கா கோட்டப் பாருங்க. போன மாசம் தரையில படுத்துக் கெடக்குது. திங்கக்கெழமைல இருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க.”

“சரிங்க,” என்றேன். எனக்கு எதற்கும் அந்த ஒரு சொல்தான் வந்தது.

நித்யஸ்ரீ திரையில் விரல் வைத்தாள். “இது அம்மா எறந்த நாளுங்கப்பா. அப்பறம் இந்த நாளெல்லாம் முத்தாத்தாப் பெரியம்மா நம்ம ஊட்லதான இருந்தாங்க? எனக்குச் சோறு ஊட்டுனாங்க. இங்க வரவே இல்லீங்களே!”

முதலாளி போனைத் தாழ்த்தினார். “அப்பறம் எதுக்குங்க சைபர்?”

“கணக்கு வராத நாளுக்கு சைபர்னு எழுதி வெச்சிருக்கேனுங்க.”

“வந்தும் ஒண்ணும் தைக்கலீன்னாத்தான சைபர்?” என்றாள் நித்யஸ்ரீ. “வராத நாளுக்குப் புள்ளியே வெக்காதீங்கப்பா.”

ஒரு வரியை மாற்றினேன். படம் மறுபடி வந்தது. முத்தாத்தாளின் கோடு உயரத்தில் ஓடி, நின்று, கொஞ்சம் வெற்றிடம் விட்டு, அதே உயரத்தில் தொடர்ந்தது.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். “அந்தக்கா வரட்டுங்க. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. கண்ணு, நீயே இங்க வேலைக்கு வந்துரு.”

“அஞ்சாவது முடிக்கோணுங்களே!”

அவர் போனதும் நித்யஸ்ரீ கேட்டாள். “அம்மாவோட கோடும் காட்டுங்கப்பா.”

அதை நான் திறந்ததே இல்லை. திறந்தேன். கோடு நன்றாக ஓடி, ஓரிடத்தில் நின்றது. பிறகு எதுவும் இல்லை. தரையில் விழவில்லை.

அவள் கடைசிப் புள்ளியைத் தொட்டாள்.

“அடுத்த நாள் காலைல நான் தூங்கிட்டிருந்தேன். போறப்ப அம்மா என்னங்கப்பா சொன்னாங்க?”

பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். வரவில்லை. நடந்ததையே சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் அம்மா சொன்னாள்:

“ஏனுங்க, மூணு விசில் வந்ததும் அடுப்ப அமத்திருங்க.”