வளைந்த விரலுக்கு ஒரு பிடி

காட்டிலிருந்து மீண்டு வந்த நாள் முதல் ஆர்னே கையுறையைக் கழற்றவில்லை. கம்பளி நூலில் பின்னிய அந்தக் கையுறையோடுதான் ரை தானிய ரொட்டியைப் பிட்டான், அதோடுதான் உறங்கினான். உறைபனியில் விரல்கள் வெந்துபோயின, காற்றுப் பட்டால் எரிகிறது என்றான். நம்பத்தக்கதே. ஆனால் சனிக்கிழமைதோறும் மனைவி ஹில்க்காவோடு சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் அமர்ந்து, காய்ந்த கற்களின்மேல் நீர் வார்த்து, பிர்ச் மரத் தழையால் அவள் முதுகைத் தட்டிவிடும் வழக்கமுடையவன், இப்போது தனியே சென்று உள்ளே தாழிட்டுக்கொண்டான். அவள் கதவருகே நின்று செவிமடுத்தாள். நீர் வார்க்கும் ஓசை இல்லை. கல் சீறும் ஓசை இல்லை. ஈரச் சுள்ளியை யாரோ மெல்ல, மிக மெல்ல முறிப்பது போன்ற ஒன்று மட்டும் கேட்டது.

அக்டோபரில் கடமான் வேட்டைக்குப் போன இடத்தில் கூட்டத்தைப் பிரிந்து வழிதவறியவன் அவன். ஊரே நாய்களோடு சதுப்பைச் சலித்துத் தேடிக்கொண்டிருக்கையில், ஒரு விடியலில் தானாகவே வாசலில் வந்து நின்றான். தோளில் துப்பாக்கி இல்லை. இடுப்பில் கத்தி இல்லை. நீருக்கடியில் கிடப்பதுபோல் முகம் சற்றே கலங்கியிருந்தது. பசியும் குளிரும் முகத்தை மாற்றும் என்றனர் அயலார், மகிழ்ந்தனர், தேடலை நிறுத்தினர்.

அதுதான் ஹில்க்காவின் நெஞ்சில் முள்ளாய் நின்றது. வீட்டில் இருப்பவன் ஆர்னே அல்லன் என்றால், ஆர்னே இன்னும் காட்டில் இருக்கிறான். அவனைத் தேடுவார் ஒருவரும் இல்லை.

கத்தி செய்யும் கெர்த்துவின் பட்டறையில் பிர்ச் தாரும் கருகிய தோலும் மணத்தன.

"அவன் பெயர்நாள் வருது. வேட்டைக் கத்தி ஒண்ணு பரிசா குடுக்கணும்" என்றாள் ஹில்க்கா. நாட்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு; அந்நாளில் அப்பெயருடையவர்க்குப் பரிசளிப்பர்.

கெர்த்து உலையிலிருந்து நிமிர்ந்தாள். "இத்தனை வருஷம் கட்டி மேய்ச்சவனுக்குக் கத்தியா? துணிச்சல்காரிதான்டி நீ. குடுத்துட்டு ரெண்டடி தள்ளி நில்லு."

பிர்ச் பட்டையை அடுக்கிச் செய்த பிடியை ஹில்க்கா தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாய் இருந்தது, குருதி படிந்தாலும் வழுக்காது. அடுத்து, கலைமான் கொம்புப் பிடி, நிலவுபோல் வெண்மை.

"அதைத் தொடாதே. அது வேட்டைக்குப் போகாதவன் சுவத்துல மாட்டுறது."

மூன்றாவது, பிடியே இடாத அலகு. ஹில்க்கா அதைத்தான் எடுத்தாள். பிறகு, விறகுக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்திருந்த ஆர்னேயின் பழைய தோல் கையுறையைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். "இதுதான் அளவு."

கெர்த்து தன் கையை உள்ளே நுழைத்தாள். "சுட்டுவிரல் கோணலா அவனுக்கு?"

"சின்னப் பையனா இருந்தப்ப படகுக்கடியில நசுங்கினது."

"அப்ப அந்த விரலுக்குன்னே ஒரு பள்ளம் வெட்டிடறேன். வேற எவன் பிடிச்சாலும் கையில உட்காராது. இரவல் குடுக்க முடியலைன்னு அப்புறம் என்கிட்ட வந்து மூக்கு சிந்தக் கூடாது."

"அதுதான் வேணும்" என்றாள் ஹில்க்கா. தன் குரலே அவளுக்கு அந்நியமாய் ஒலித்தது.

அவ்வூரில் பரிசுக் கத்தியைப் பிடி முன்னிருக்க நீட்டுவர்; பெறுபவர் வெறுங்கையால் வாங்குவர். கையுறையோடு வாங்குவது, உன்னை நம்பவில்லை என்று கொடுப்பவர் முகத்துக்கு நேரே சொல்வதாகும். ஆர்னே அதை அறியாதவன் அல்லன். அறியாதவனாயின், அதுவும் ஒரு விடையே.

பெயர்நாளன்று பிற்பகலிலேயே ஒளி வடிந்து, பைன் மரங்களின் நிழல் சன்னலில் ஏறியது. ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் மேசைமேல் ஆறின. அவன் பக்கமிருந்து ஈரப் பாசியின் மணம் வந்தது. சுவரில் அவர்களுடைய திருமணப் படம் விளக்கொளியில் மங்கித் தெரிந்தது.

அவள் கத்தியை நீட்டினாள்.

கையுறை நீண்டது. நின்றது. அவன் அவள் கண்களைப் பார்த்தான், பாடம் கேட்பவனைப்போல.

"வெறுங்கையாலதானே வாங்கணும்?" என்றான்.

"உனக்குத் தெரியாதா ஆர்னே?"

அவன் கையுறையை உருவினான்.

புண் இல்லை. தழும்பு இல்லை. பிசைந்த மாவுபோல் வெளுத்த கை. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

ஐந்து விரல்களும் நேர்.

அவை பிடியைச் சுற்றின. சுட்டுவிரல் பள்ளத்தில் பொருந்தாமல் விலகி நின்றது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் பள்ளத்தை மெல்லத் தடவினான். ஓரத்தை. ஆழத்தை. திருப்பத்தை.

ஈரச் சுள்ளி முறிந்தது.

விரல் வளைந்தது. கணு கணுவாய். பள்ளத்துக்குள் இறங்கி அமர்ந்தது, ஆர்னேயின் விரல் அமர்வதுபோலவே.

"இப்பச் சரியா இருக்கு" என்றான். "இது கிடைக்காமத்தான் தடுமாறிக்கிட்டிருந்தேன். அவனோடது வேற என்ன வச்சிருக்க ஹில்க்கா?"

அவள் கண் பிழை செய்தது. சுவருக்குப் போயிற்று.

அவன் அந்தப் பார்வையைத் தொடர்ந்தான். எழுந்தான். விளக்கை எடுத்துக்கொண்டான். திருமணப் படத்தின் முன் போய், கண்ணாடியில் மூக்குப் பட நின்றான்.

வெளியே காடு ஓசையின்றிக் கிடந்தது.

அறைக்குள், அவளுக்கு முதுகு காட்டி நின்றவனின் தாடையிலிருந்து, மெல்ல, மிக மெல்ல, ஈரச் சுள்ளிகள் முறியத் தொடங்கின.