சுவரை விட்டது

இந்தக் காலத்து ஆட்களுக்கு வைத்த பேரை வைத்தபடி விடத் தெரியாது. தெருப் பேரை மாற்றுவார்கள், கடைப் பேரை மாற்றுவார்கள், கடைசியில் காளானைக்கூட விடமாட்டார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் காளான்களைச் சூட்டில் உலர்த்திப் பொட்டலம் கட்டும் கிழவருக்கு அங்கே அடுப்புக்காரர் என்று பட்டம். இந்தப் பேர் மாற்றும் கூத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது.

அன்று காலை, மனைவியின் கட்டிலை ஒட்டிய சுவர் பளிச்சென்று இருந்தது. மழை தொடங்கியதிலிருந்து வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கிடந்த சுவர். படுத்த படுக்கையாய் இருப்பவள் துடைத்திருக்க முடியாது. அவரும் துடைக்கவில்லை.

"சனியன் ஒழிஞ்சுதுன்னு விடுங்க," என்றாள். மாதக்கணக்காக அவளை உலுக்கிய இருமலையும் காணோம்.

ஆராய்ச்சிக்கூடத்தில், காளான்களை ஆராயும் டாக்டரம்மா இரண்டு பெட்டிகளில் இருந்ததை ஒரே பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றில், அவரே வீட்டிலிருந்து சுரண்டிக் கொடுத்த சுவர்ப் பூஞ்சை. மற்றதில், மடிப்பு மடிப்பாய், தோல் நிறத்தில் ஒரு காளான்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. இத்தனை நாளா தனித்தனிப் பேர் வச்சிருந்தோம். மரபணு பார்த்ததும் குட்டு உடைஞ்சுது. சுவர்ல இருக்கிறது இதோட சின்ன வயசு. வளர இடம் கிடைச்சா சுவரை விட்டுடும்."

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே?"

"அது பழைய பேர்ல இருந்தப்போ."

"இடம்னா?"

அவள் நிமிரவில்லை. "உயிரோட இருக்கிற எதுவும். வீட்ல யாராவது இருமுறாங்களா?"

"இல்ல," என்றார். இன்றைக்கு அது பொய்யும் இல்லை. "நாளைக்கு வேற பேர் வைப்பீங்க. போங்கம்மா."

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே, உலர்த்தும் அடுப்பைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வாடை, ஈர மண்ணும் புளித்த மாவும் வெதுவெதுப்பான இறைச்சியும் கலந்தது, கதவுக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே விளக்கு போடவில்லை, குழாய் சொட்டவில்லை, இருமல் கேட்க வேண்டிய இடத்தில் ஏதோ மெல்ல விரிவது போன்ற சரசரப்பு.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல. வலிக்கவும் இல்ல. எல்லாம் மரத்துப்போச்சு. நல்லா இருக்குங்க."

விளக்கைப் போட்டார். போர்வையைத் தூக்கினார்.

முதுகு எது, மெத்தை எது, தெரியவில்லை. மடிப்புகள். தோல் நிறம். மடிப்புக்குள் மடிப்பு. விரிந்தன. மூடின. அவள் மூச்சு விடாதபோதும்.

"மூடுங்க. வெளிச்சம் கூசுது."

மூடினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவின் அடி இடுக்கு வழியாக வெள்ளைத் தூள், சலித்த மாவுபோல, ஓசையில்லாமல் கசிந்து படியில் படிந்துகொண்டிருந்தது.

"சுவர்ப் பூஞ்சைதான். படிச்சவங்க ஆயிரம் சொல்வாங்க."

முணுமுணுத்தபடியே, அதை மிதிக்காமல் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தார்.